தண்ணீர்மத்தன் சிரிப்பு

நாகர்கோவிலில் காலை வண்டி ஏறினால் பகல் காட்சிக்கு முன்பே திருவனந்தபுரத்துத் தம்பானூரில் இறங்கிவிடலாம். எங்கள் பக்கத்துச் சினிமாப் பைத்தியங்களுக்கு அது தலைமுறை தலைமுறையாகப் பழகிய வழி. 1931இல் திறந்த கற்கட்டட ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே அரசுப் பேருந்து நிலையம், அதைச் சுற்றி எட்டி நடக்கிற தூரத்தில் தியேட்டர்கள். 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேரும்வரை எங்களுக்குத் தலைநகரமே திருவனந்தபுரம்தான். எல்லைக்கோடு மாறியது. படம் பார்க்கத் தம்பானூருக்குப் போகிற பழக்கம் மாறவில்லை.

2019 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அக்காள் மகனைக் கூட்டிக்கொண்டு அப்படிப் போனேன். அவன் மதுரையில் வளர்ந்தவன், அப்போது ஒன்பதாம் வகுப்பு. மலையாளம் சுத்தமாகத் தெரியாது. நாங்கள் பார்த்தது 'தண்ணீர்மத்தன் தினங்கள்'. அந்த ஜூலை 26 அன்று வெளியான படம், கிரீஷ் ஏ.டி. இயக்கிய முதல் முழுநீளப் படம். தண்ணீர்மத்தன் என்றால் வேறொன்றுமில்லை, நாம் தர்பூசணி என்றும் இலங்கைத் தமிழர் வத்தகப்பழம் என்றும் சொல்கிற அதே பழம்தான்.

கதை என்று விரித்துச் சொல்ல அதில் அதிகமில்லை. ஜெய்சன் ஒரு மேல்நிலைப் பள்ளி மாணவன். பெரிய அழகனில்லை, பெரிய படிப்பாளியுமில்லை. உடன் படிக்கும் கீர்த்தியின்மேல் அவனுக்கு ஒரு ஈர்ப்பு. பள்ளிக்கு ரவி பத்மநாபன் என்று ஒரு புது ஆசிரியர் வருகிறார். பேச்சு, பாட்டு, சிரிப்பு என்று நாலே நாளில் பள்ளிக்கூடம் முழுவதையும் கையில் போட்டுக்கொள்கிறார். ஜெய்சனுக்கு மட்டும் அவரைக் கண்டால் ஆகவில்லை. இந்த ஆள் சரியில்லை என்று அவன் உள்மனம் சொல்கிறது. கேட்க ஒருவரும் தயாராக இல்லை. முடிவைச் சொல்லி, பார்க்காதவர்களின் சந்தோஷத்தைக் கெடுக்க மாட்டேன். கொலையில்லை, வில்லனின் கார் கவிழவில்லை, நாயகன் பத்துப் பேரைத் தூக்கி எறியவில்லை. ஒரு பையனின் வெட்கமும் பொறாமையும் பிடிவாதமும்தான் படம்.

இத்தனை சின்ன விஷயத்தை வைத்துக்கொண்டு ஒரு படம் எப்படி நின்றது, ஏன் மறுபடி மறுபடி பார்க்கத் தோன்றுகிறது என்று அன்றிலிருந்து யோசித்துவருகிறேன். அந்த யோசனை தொடங்கியது தியேட்டருக்குள் அல்ல, படம் விட்டு வந்து உட்கார்ந்த காபி ஹவுஸில்.

தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. பேருந்து நிலையத்தை ஒட்டி, செங்கல் நிறத்தில் உருளையாக எழுந்து நிற்கும் கட்டடம். லாரி பேக்கர் கட்டியது. உள்ளே மாடிகள் கிடையாது. சுருளாக மேலேறும் ஒரே சரிவு, அதன் ஓரமாக வரிசையாக மேசைகள், சுவரெங்கும் காற்றும் வெளிச்சமும் வர ஓட்டைகள். சரிவில் ஏறி ஏறி ஒரு காலி மேசையைப் பிடித்தோம். பீட்ரூட் போட்ட மசாலா தோசை வந்தது. அதன் சிவப்பைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டே பையன் கேட்டான்.

"மாமா, கிளாஸ்ல ஒருத்தன் மெதுவா ஏதோ சொன்னான்ல, எல்லாரும் அப்பிடிச் சிரிச்சாங்களே, என்ன சொன்னான்?"

"நீயும்தானே சிரிச்சே. புரியாமலா அந்தச் சிரிப்பு?"

"எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கும் வந்துருச்சு."

அவன் சொன்னது சாக்குப்போக்கு அல்ல, உடலியல். அமெரிக்க நரம்பியலாளர் ராபர்ட் புரோவைன் இருபது வருடங்களுக்கும் மேலாகச் சிரிப்பையே ஆராய்ந்தவர். கடைத்தெரு, கல்லூரி வளாகம் என்று மனிதர்கள் இயல்பாகப் பேசிக்கொள்ளும் இடங்களில் அவரும் மாணவர்களும் நின்று, 1,200 சிரிப்புகளைக் குறித்துக்கொண்டார்கள். அவற்றில் நகைச்சுவை என்று சொல்லத்தக்க பேச்சுக்குப் பிறகு வந்தவை ஐந்தில் ஒன்றுகூட இல்லை. மற்றதெல்லாம் "சரி, அப்புறம் பார்க்கலாம்" போன்ற வெறும் பேச்சுக்கு வந்த சிரிப்பு. தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிட மற்றவர்களோடு இருக்கும்போது ஏறத்தாழ 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறோம் என்றும் கண்டார். சிரிப்பு முதலில் உறவுக்கான ஒலி, நகைச்சுவைக்கான பதில் என்பது பிறகுதான் என்பது அவர் முடிவு.

அந்த ஒலியின் கட்டமைப்பு வியப்பானது. ஒரு 'ஹா' ஏறத்தாழ 75 மில்லிவிநாடி நீளம். ஒரு 'ஹா' தொடங்கி அடுத்த 'ஹா' தொடங்க ஏறத்தாழ 210 மில்லிவிநாடி. விநாடிக்கு நாலைந்து. சிரிக்கிறவர் மதுரைக்காரரோ திருவனந்தபுரத்துக்காரரோ, ஒலியின் நிறம் மாறலாம், தாளம் பெரிதும் மாறுவதில்லை. அது நாம் கற்றுக்கொண்ட தாளமும் இல்லை. 2009இல் மரீனா டாவிலா ராஸ் குழுவினர் மனிதக் குழந்தைகளையும் ஒராங்குட்டான், கொரில்லா, சிம்பன்சி, போனோபோ குட்டிகளையும் கிச்சுகிச்சு மூட்டி, எழுந்த ஒலிகளைப் பதிந்து ஒப்பிட்டார்கள். ஒலிகளின் ஒற்றுமை வேற்றுமையை வைத்து ஒரு குடும்ப மரம் வரைந்தபோது, மரபணுக்களை வைத்து வரைந்த மரத்தோடு அது பொருந்தியது. அப்படியானால் சிரிப்பின் வேர், நமக்கும் அவற்றுக்கும் பொதுவான மூதாதை வாழ்ந்த ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு போகிறது. மொழி நேற்றுப் பிறந்தது. தியேட்டரில் என் மருமகன் மொழியைத் தாண்டிப் போய், அதற்கு முந்தைய வாசலில் நுழைந்திருக்கிறான்.

பிறர் சிரிப்பைக் கேட்ட மாத்திரத்தில் நம் மூளை என்ன செய்கிறது என்பதை 2006இல் லண்டனில் சோஃபி ஸ்காட்டும் சகாக்களும் பார்த்தார்கள். முக அசைவுக்குத் தயார்செய்யும் பகுதி உடனே விழிக்கிறது. நாம் சிரிக்க முடிவெடுக்கும் முன்பே கன்னங்கள் புறப்படத் தயாராகிவிடுகின்றன. அலறல், ஓங்கரிப்பு போன்ற ஒலிகளுக்கும் இந்தப் பதில் உண்டு. ஆனால் சிரிப்புக்கும் ஆரவாரத்துக்கும்தான் அது கூடுதல். பக்கத்து இருக்கைச் சிரிப்பு நம்மைப் பிடித்துக்கொள்வது இதனால்தான்.

பிடித்துக்கொண்ட பிறகு நடப்பது இன்னும் அழகு. வயிறு குலுங்கச் சிரிக்கும்போது மூச்சு துண்டுதுண்டாக வெளியே தள்ளப்படுகிறது; விலாவும் வயிற்றுத் தசைகளும் நன்றாக வேலைசெய்கின்றன. அந்த உழைப்பு மூளையில் எண்டார்ஃபின் என்னும் வலிநீக்கியைச் சுரக்கச்செய்கிறது என்பது ஆக்ஸ்போர்டின் ராபின் டன்பர் முன்வைத்த கருத்து. சிரிப்புப் படம் பார்ப்பதற்கு முன்னும் பின்னும் கையில் உறைகுளிர்ப் பட்டையைச் சுற்றியும், ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை இறுக்கியும், எவ்வளவு நேரம் வலி தாங்குகிறார்கள் என்று அளந்தார். நன்றாகச் சிரித்தவர்கள் முன்னைவிடக் கூடுதலாகத் தாங்கினார்கள். சாதாரண விவரணப்படம் பார்த்தவர்களுக்கு அந்த மாற்றம் இல்லை. 2012இல் வந்த ஆய்வு அது. ஐந்தாண்டு கழித்து ஃபின்லாந்தின் துர்கு நகரில் லாரி நும்மென்மா குழுவினர் மூளையையே படம்பிடித்துப் பார்த்தார்கள். நெருங்கிய நண்பர்களோடு உட்கார்ந்து அரை மணிநேரம் சிரித்தவர்களின் மூளையில் எண்டார்ஃபின் போன்ற ஓபியாய்டு வகைப் பொருள்கள் உண்மையாகவே சுரந்திருந்தன. பங்கேற்றவர்கள் 12 பேர்தான், சின்ன ஆய்வு. ஆனால் கூட்டமாகச் சிரித்துவிட்டு வெளியே வரும்போது உடம்பு லேசாகி, முன்பின் தெரியாத பக்கத்து இருக்கைக்காரரைப் பார்த்துப் புன்னகைக்கத் தோன்றுகிறதே, அந்த அனுபவத்தோடு ஒத்துப்போகிற முடிவு.

இதெல்லாம் எந்தச் சிரிப்புப் படத்துக்கும் பொருந்தும். பிறகு ஏன் சில சிரிப்புப் படங்கள் மூன்று வாரத்தில் செத்துப்போகின்றன, சில படங்கள் பேரன் காலம்வரை வருகின்றன? பதின்வயதைப் பற்றிய படங்கள் ஏன் கூடுதலாக ஒட்டிக்கொள்கின்றன? எனக்குக் கிடைத்த பதில், அந்த வயதின் வெட்கத்தில் இருக்கிறது.

பதினைந்து பதினாறு வயதில் வகுப்பறைக்குள் ஐந்து நிமிடம் தாமதமாக நுழைந்தது நினைவிருக்கிறதா? அத்தனை கண்களும் நம் சட்டைக் கசங்கல்மேல் இருந்ததாகத் தோன்றும். அமெரிக்க உளவியலாளர் டேவிட் எல்கைண்ட் 1967இல் இதற்குக் 'கற்பனைப் பார்வையாளர்கள்' என்று பெயர் வைத்தார். அந்த வயதுப் பிள்ளை எப்போதும் மேடையில் நிற்கிறது. கீழே ஒரு கூட்டம் உட்கார்ந்து தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதாக நினைக்கிறது.

இதை ஹார்வர்டின் லியா சோமர்வில் 2013இல் வெளியிட்ட ஒரு சோதனை தசையும் ரத்தமுமாகக் காட்டியது. 8 வயது முதல் 23 வயதுவரை உள்ளவர்களை ஒவ்வொருவராக மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்தார்கள். உள்ளே ஒரு கேமரா இருக்கிறது, அது ஓடும்போது உன் வயதுக்காரர் ஒருவர் வெளியே உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று சொன்னார்கள். அவ்வளவுதான். உண்மையில் யாரும் பார்க்கவில்லை. சிறு பிள்ளைகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பதின்வயதினருக்கோ உள்ளங்கை வியர்த்தது, கூச்சம் ஏறியது, நம்மைப் பற்றி நாமே நினைக்கும்போது வேலைசெய்கிற நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் பகுதி கொதித்தது. பார்க்கிறார்கள் என்ற நினைப்பே போதும். வளர்ந்தவர்கள் 'இதுக்கெல்லாமா கூச்சப்படுறே' என்று கேட்கிறோமே, அந்தக் கேள்வி நியாயமில்லாதது. கூச்சம் அந்த வயதில் உண்மையாகவே பெரிது.

ஜெய்சனின் ஒவ்வொரு காட்சியும் இந்தக் கூச்சத்தின்மேல் நிற்கிறது. அவளிடம் பேச வாய் திறக்கும்போது குரல் ஏறி இறங்குகிறது. வகுப்பு முழுவதும் பார்க்க ஆசிரியர் சொல்கிற ஒரு சொல் அவனை அரையடி குட்டையாக்குகிறது. ஜெய்சனாக நடித்த மாத்யூ தாமஸும் கீர்த்தியாக நடித்த அனஸ்வரா ராஜனும் 2002இல் பிறந்தவர்கள். படம் வந்தபோது இருவருக்கும் பதினாறு. முப்பது வயது நாயகர்கள் மீசையை மழித்துக்கொண்டு பள்ளிச் சீருடையில் வருவதைப் பார்த்துப் பழகிய நமக்கு, நிஜமாகவே பதினாறு வயதான கழுத்தும் கையும் என்ன செய்வதென்று தெரியாமல் திரையில் நிற்பது ஒரு புது அனுபவம். கேமரா அந்தத் தடுமாற்றத்தைத் தொந்தரவு செய்யாமல் ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது. அதைத்தான் இந்தப் படத்தின் பெரிய சாமர்த்தியமாக நினைக்கிறேன்.

ஆனால் அவன் வெட்கத்தில் நெளியும்போது நாம் ஏன் சிரிக்கிறோம்? நாம் கெட்டவர்களா? இல்லை. பீட்டர் மெக்ரா, கேலப் வாரன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2010இல் ஒரு விளக்கம் தந்தார்கள். ஏதோ ஒன்று முறை தவறுகிறது. அதே சமயம் அதனால் ஆபத்தில்லை என்றும் நமக்குத் தெரிகிறது. இரண்டும் ஒரே நொடியில் சேர்ந்தால் சிரிப்பு வருகிறது. முறை தவறாவிட்டால் அலுப்பு, ஆபத்து உண்மையென்றால் பயமோ அழுகையோ. கிச்சுகிச்சு இதற்கு எளிய உதாரணம்: தாக்குதல் மாதிரி இருக்கிறது, தாக்குதல் இல்லை. அந்நியன் கைவைத்தால் சிரிப்பு வராது. நம் கையாலேயே நமக்கு மூட்டிக்கொள்ளவும் முடியாது.

ஆபத்தில்லை என்ற நம்பிக்கையைத் தருவது பெரும்பாலும் தூரம். காலத்தின் தூரம், 'எனக்கில்லை அவனுக்கு' என்ற தூரம், 'இது நிஜமில்லை கதை' என்ற தூரம். இதே குழு பிறகு இன்னொன்றையும் கண்டது: பெரிய இடி சிரிப்பாக மாற நிறையத் தூரம் வேண்டும், சின்ன இடறலோ பக்கத்தில் இருக்கும்போதுதான் சிரிப்பு. பதின்வயது வெட்கம் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு விசித்திரமான இடத்தில் இருக்கிறது. அனுபவிக்கிற அன்று அது இடி. இருபது வருடம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் இடறல். ஒரே நிகழ்ச்சி, பார்க்கிறவர் வயதைப் பொறுத்து அளவு மாறுகிறது. அதனால்தான் ஒரே அரங்கில் பதினான்கு வயதுக்காரனும் நாற்பது வயதுக்காரனும் ஒரே காட்சிக்கு வேறு வேறு காரணத்துக்காகச் சிரிக்க முடிகிறது.

அதோடு நினைவும் சேர்ந்துகொள்கிறது. ஐம்பது அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் ஏதாவது ஒரு சொல்லைக் கொடுத்து, அதையொட்டி வரும் ஒரு நினைவைச் சொல்லச்சொன்னால், 10 வயதுக்கும் 30 வயதுக்கும் இடைப்பட்ட காலத்து நினைவுகள்தான் விகிதத்துக்கு மீறி வருகின்றன. டேவிட் ரூபினும் சகாக்களும் 1986இல் இதைத் தொகுத்துக் காட்டினார்கள்; உளவியலில் இதை 'நினைவு மேடு' என்பார்கள். முதல் நட்பு, முதல் தோல்வி, முதல் சைக்கிள் எல்லாம் அந்த மேட்டில்தான் குவிந்துகிடக்கின்றன. பதின்வயதுப் படம் எடுக்கிறவர் அந்த மேட்டில்தான் கொட்டகை போடுகிறார். அவர் கட்டிய வகுப்பறையில் நம்முடைய பெஞ்சை நாமே கொண்டுபோய்ப் போட்டுக்கொள்கிறோம்.

தமிழ் வாசகருக்கு இதில் ஒரு பெருமையும் உண்டு. சிரிப்பு எங்கிருந்து பிறக்கிறது என்று தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நாலு ஊற்றுகளைச் சொல்கிறது. அவற்றில் ஒன்று இளமை. வயதையே சிரிப்பின் காரணமாகச் சொன்ன அந்த நுட்பத்தை நான் பல முறை நினைத்து வியந்திருக்கிறேன். இன்னொன்று பேதைமை, அதாவது அறியாமை. மூன்றாவது மடன், ஒருவர் சொன்னதை அப்படியே நம்பி, பிடித்த பிடியை விடாமல் இருக்கும் வெள்ளந்தித்தனம். மிச்சமுள்ளது எள்ளல், பிறரை இகழ்ந்து சிரிப்பது.

இந்த நாலையும் கையில் வைத்துக்கொண்டு 'தண்ணீர்மத்தன் தினங்க'ளைப் பாருங்கள். ஜெய்சனிடம் இருப்பது இளமையும் பேதைமையும். ரவி பத்மநாபனின் இனிக்கும் பேச்சில் மயங்கிக் கிடக்கும் பள்ளிக்கூடம் முழுவதிலும் இருப்பது மடன். வினீத் ஸ்ரீனிவாசன் அந்த ஆசிரியராக நடித்த விதம் சாதாரணமில்லை; நமக்கே கொஞ்சம் அவரைப் பிடித்துப்போகிறது, அதனால் ஊரோடு சேர்ந்து நாமும் மடன் ஆகிறோம். எள்ளல் மிகவும் குறைவு.

எந்தச் சிரிப்பு நிற்கும் என்பதற்கு இதுவே என் அளவுகோல். எள்ளலை மட்டும் நம்பிய நகைச்சுவை சீக்கிரம் கெட்டுப்போகும். ஒருவரின் நிறத்தையும் பருமனையும் உச்சரிப்பையும் வைத்து நம் படங்களில் வந்த எத்தனையோ காட்சிகளுக்கு நாமே ஒருகாலத்தில் சிரித்திருக்கிறோம். இன்று தொலைக்காட்சியில் வந்தால் பிள்ளைகள் முன்னால் வெட்கமாக இருக்கிறது. ஆபத்தில்லை என்று அன்று நாம் நினைத்தது தவறு, யாருக்கோ வலித்திருக்கிறது என்று தெரிந்ததும் சிரிப்பின் ஒரு கால் முறிந்துவிடுகிறது. அறியாமைக்கும் வெள்ளந்திக்கும் அந்தக் கதி கிடையாது. அவை எல்லாத் தலைமுறையிலும் புதிதாகப் பிறந்துகொண்டே இருக்கின்றன.

1964இல் வந்த ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை'யை எடுத்துக்கொள்ளுங்கள். அது பள்ளிப் பிள்ளைகள் கதையல்ல, ஆனால் அதே குடும்பம். பணக்கார வேடம் போட்டு வரும் முத்துராமனை அப்படியே நம்பும் பாலையா, மடனின் உருவம். ஓஹோ புரொடக்ஷன்ஸ் முதலாளி என்று சொல்லிக்கொண்டு ஊரையே சினிமாவில் நடிக்கவைக்கத் துடிக்கும் நாகேஷ், இளமையும் பேதைமையும் கலந்த கலவை. அவர் படத்தில் தன் அப்பாவாக வரும் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. நாகேஷ் கையை எப்போது நீட்டுவார், எந்த இடத்தில் குரல் கிசுகிசுப்பாகும், பாலையாவின் கண் எந்த நொடியில் உருளும், எல்லாம் தெரியும். ஆனாலும் அந்த இடம் வருவதற்கு ஒரு விநாடி முன்பே சிரிப்பு கிளம்பிவிடுகிறது.

தெரிந்த சிரிப்பு ஏன் வருகிறது? எதிர்பாராதது நடந்தால்தான் சிரிப்பு என்ற பழைய விளக்கத்தின்படி, இரண்டாம் முறை வரக்கூடாது. 2011இல் கலிஃபோர்னியாவில் ஜொனாதன் லீவிட், நிக்கலஸ் கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற இருவர் சிறுகதைகளின் முடிவை முன்பே சொல்லிவிட்டுப் படிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு தெரிந்து படித்தவர்கள் கூடுதலாக ரசித்தார்கள். பிறகு வந்த சில ஆய்வுகள் இதற்கு மாறாகவும் சொல்கின்றன, ஆகவே எல்லாக் கதைக்கும் அது விதியல்ல. ஆனால் நகைச்சுவையில் அதன் உண்மையை நான் கண்ணால் பார்க்கிறேன். 'என்ன நடக்கும்' என்ற பதற்றம் போனபிறகு 'எப்படி நடக்கிறது' என்று பார்க்கக் கண்ணுக்கு ஓய்வு கிடைக்கிறது. முதல் முறை பார்க்கும்போது நாகேஷை மட்டும் பார்த்தோம். பத்தாம் முறை பாலையாவின் விரல்களைப் பார்க்கிறோம். நல்ல நகைச்சுவைப் படத்தில் இப்படிப் பார்க்க மிச்சம் இருந்துகொண்டே இருக்கும்.

கிரீஷின் படத்திலும் அந்த மிச்சம் உண்டு. பேசுகிறவனை விட்டுவிட்டுப் பக்கத்தில் சும்மா நிற்கிற நண்பன் முகத்தைப் பாருங்கள், அங்கே ஒரு தனிப்படம் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நண்பர் கூட்டத்தில் மெல்வினாக வந்த நஸ்லென் 2024இல் அதே கிரீஷின் 'பிரேமலு'வில் கதாநாயகன் ஆனது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. கீர்த்தியும் பரிசுப்பொருளாக வந்து நிற்கிறவள் அல்ல. அவளுக்கென்று கோபமும் கணக்கும் இருக்கின்றன. இந்தப் பிள்ளைகள் மக்கு அல்ல என்ற மரியாதை எழுத்திலேயே இருக்கிறது. திரைக்கதையை கிரீஷும் டினோய் பௌலோஸும் சேர்ந்து எழுதினார்கள். பெரியவர்கள் எல்லாம் ஏமாந்து நிற்கும் இடத்தில், யாரும் மதிக்காத ஒரு பையனின் சந்தேகத்தைப் படம் பொறுமையாகக் காது கொடுத்துக் கேட்கிறது. பதின்வயதில் நம்மை யாராவது இப்படிக் கேட்டிருக்கக்கூடாதா என்று ஏங்காதவர் யார்?

போன வருடம் என் மருமகன் நாகர்கோவிலுக்கு வந்திருந்தான். ஒன்பதாம் வகுப்பு அரும்பு மீசை போய், இப்போது கல்லூரிக் கடைசி வருடம். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அவனாகவே அந்தப் படத்தைப் போட்டான். நடுவில் அவன் சிரிக்கும் இடங்கள் மாறியிருப்பதைக் கவனித்தேன். தம்பானூரில் நண்பர்கள் அடித்த கூத்துக்கு இருக்கையில் குதித்தவன், இப்போது அதற்கு லேசாகச் சிரித்துவிட்டுச் சும்மா இருந்தான். எல்லார் முன்னாலும் ஜெய்சன் கூனிக்குறுகி நின்ற ஒரு கட்டத்தில் படத்தை நிறுத்தினான்.

"மாமா, உங்ககிட்ட சொன்னதே இல்லல்ல. அந்த வருசம்தான் ஆண்டு விழாவுல எனக்குப் பேச்சு மறந்துபோச்சு. மைக் முன்னாடி நிக்கிறேன், ஒரு வார்த்தை வரல. மொத்த ஸ்கூலும் பாத்துக்கிட்டே இருந்துச்சு. ரெண்டு மாசம் யார் மூஞ்சியையும் பாக்கல நான்."

சொல்லும்போது அவன் முகத்தில் சிரிப்புதான் இருந்தது. காது மடல் மட்டும் சிவந்திருந்தது. எனக்குத் தாமஸ் கிலோவிச் குழுவினர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் செய்த ஒரு சோதனை நினைவுக்கு வந்தது. 2000இல் வெளியான அந்த ஆய்வில், ஒரு மாணவனுக்கு, போட்டுக்கொண்டு வெளியே போகக் கூசும் ஒரு பாடகரின் முகம் பெரிதாக அச்சிட்ட பனியனை மாட்டி, மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். வெளியே வந்ததும், எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று கேட்டார்கள். பாதிப் பேர் என்பதுபோல் அவன் சொன்னான். அறையில் இருந்தவர்களைக் கேட்டபோது கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். இப்படிப் பலரிடம் செய்து பார்த்தாலும் கணக்கு அப்படியே வந்தது. நம்மேல் விழுவதாக நாம் நினைக்கும் வெளிச்சத்தில் பாதி நம் கற்பனை.

அதைச் சொன்னேன். அவன் நம்பவில்லை. "அது அமெரிக்கால மாமா. எங்க ஸ்கூல் பசங்க மறக்கவே மாட்டானுங்க" என்றான். சரி, யாரையாவது கேட்டுப்பார் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அவன் நினைவில் அன்று முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு நண்பனை அழைத்தான், ஸ்பீக்கரில் போட்டான். ஜெய்சனின் முகம் திரையில் உறைந்து நிற்க, இந்தப் பக்கம் இவன் அந்த ஆண்டு விழாவைப் பற்றி மெல்ல எடுத்தான்.

மறுமுனையில் ஒரு நீளமான அமைதி.

"டேய், அன்னைக்கா? டான்ஸ் ஆடும்போது என் வேட்டி அவுந்துச்சேடா... அந்த ஃபங்ஷன் ஃபுல்லா நான் ஸ்டேஜுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டுல்ல இருந்தேன். ஆமா, நீ அன்னைக்குப் பேசுனியா?"